குழந்தையின் பேதியும் லேப் ரிப்போர்ட்டில் வந்த சிஸ்ட்டும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையனுக்கு ஒன்றரை வயது. பதினெட்டு நாளாக வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. ரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. மலப் பரிசோதனையில் ‘ஈ. ஹிஸ்டாலிடிகா சிஸ்ட்’, அதாவது சீதபேதி உண்டாக்கும் அமீபாவின் உறைநிலை, இருப்பதாக எழுதி வந்தது. அதற்கான மெட்ரோனிடசோல் சிரப் இரண்டு முறை கொடுத்து முடித்தாயிற்று. பூச்சி மருந்து கொடுத்துப் பார் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கிணற்று வெள்ளத்தால், அதாவது கிணற்றுத் தண்ணீரால்தான் என்கிறார் மாமியார். உண்மையில் எந்த ஒட்டுண்ணிதான் இப்படிச் செய்கிறது, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, ஐந்து வயது மூத்த பெண்ணுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாளைத் தாண்டினால் அது சாதாரணப் பேதி இல்லை. நீடித்த வயிற்றுப்போக்கு என்று மருத்துவர்கள் தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் மூன்றாவது சிரப் வாங்காமல், குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அங்கே முதல் வேலையாக எடை பார்க்கச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் போட்ட பழைய எடை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். கண் குழிவிழுந்திருந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ, பக்கத்தில் இருக்கும் தாலுகா மருத்துவமனையோ, எது கிட்டமோ அங்கே போய்விடுங்கள்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளின் பேதிக்குக் காரணம் என்ன என்று பெரிய அளவில் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகள், ஆசியாவில் மூன்று. இந்தியாவில் அது நடந்த இடம் கொல்கத்தா. கடுமையான பேதியோடு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட 9,439 குழந்தைகளையும், அதே ஊர்களில் பேதி இல்லாத 13,129 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2013இல் வெளிவந்தன. நோயில்லாத குழந்தைகளின் மலத்தையும் சோதித்ததுதான் அந்த ஆய்வின் பலம். எந்தக் கிருமி சும்மா குடியிருக்கிறது, எது உண்மையில் நோய் உண்டாக்குகிறது என்று அப்போதுதான் பிரிக்க முடியும். ரோட்டா வைரஸ், ஷிகெல்லா பாக்டீரியா, நச்சு சுரக்கும் ஒரு வகை ஈ. கோலை ஆகியவை முன்வரிசையில் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஒட்டுண்ணிகளில் அந்த வரிசைக்கு வந்தது அமீபாவும் இல்லை, ஜியார்டியாவும் இல்லை. அதுவரை அதிகம் பேர் கண்டுகொள்ளாத கிரிப்டோஸ்போரிடியம். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடம் ரோட்டாவுக்கு அடுத்த இடம் அதற்கு. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள், பேதியோடு இந்த ஒட்டுண்ணியும் இருந்த குழந்தைகள் அடுத்த சில வாரங்களில் இறப்பதும் கூடுதலாக இருந்தது. அதே மலச் சாம்பிள்களை மரபணுச் சோதனையில் மறுபடி பார்த்து 2016இல் வெளியிட்டபோதும் முதல் ஆறு காரணங்களில் கிரிப்டோஸ்போரிடியம் நின்றது.

இந்த ஒட்டுண்ணி மருத்துவத்துக்கு ரொம்பப் புதிது. 1907இல் எலியின் வயிற்றில் டைசர் என்பவர் இதைக் கண்டார். மனிதருக்கும் வரும் என்று தெரிந்ததோ 1976இல்தான். எய்ட்ஸ் பரவிய பிறகு அதன் கொடூரம் புரிந்தது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாகப் பரவி நான்கு லட்சம் பேர் வரை நோயுற்றார்கள். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்துதான் இருந்தது. இதன் முட்டை போன்ற உறை குளோரினுக்கு அசைந்துகொடுக்காது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது காலராவுக்குச் சரி, இதற்குச் செல்லாது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட். ஆய்வக மேசையில் மலச் சாம்பிள்களைப் பல காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊர் லேப்களில் சாதாரண மலப் பரிசோதனை என்றால், ஒரு சொட்டு உப்பு நீர், ஒரு சொட்டு அயோடின், மேலே கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். அதில் அமீபா சிஸ்ட் தெரியும், ஜியார்டியா தெரியும், குடற்புழு முட்டைகள் தெரியும். கிரிப்டோஸ்போரிடியத்தின் உறை 4 முதல் 6 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவை விடச் சிறியது, ஈஸ்ட் மாதிரி இருக்கும். சாயம் ஏற்றாமல் அதைக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அமில உறுதிச் சாயம் என்ற ஒரு முறையைச் சற்று மாற்றிச் செய்தால் நீலப் பின்னணியில் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். காசநோய்க்குச் சளியில் பயன்படுத்துகிறார்களே, அதே குடும்பத்துச் சாயம்தான். செலவும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். ஆனால் மருத்துவர் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் ஒழிய யாரும் செய்வதில்லை. ஆக, அதிகத் தீங்கு செய்யும் ஒட்டுண்ணியைத் தேடாமலே ‘வேறொன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. இது எந்த ஒரு லேப்பின் குறையும் இல்லை. கேட்டதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

அடுத்து அந்த ‘ஈ. ஹிஸ்டாலிடிகா சிஸ்ட்’. இந்த அமீபாவுக்கு உருவத்தில் அச்சு அசலாக ஒரு சொந்தக்காரன் உண்டு, என்டமீபா டிஸ்பார் என்று பெயர். அது குடலில் இருக்கும், யாரையும் எதுவும் செய்யாது. இரண்டின் சிஸ்ட்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிரிக்க யாராலும் முடியாது. இவை தனித்தனி இனங்கள் என்பது 1990களில் உறுதியாயிற்று. மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் இரண்டு பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், அறிகுறி இல்லாதவருக்கு இதை மட்டும் நம்பி மருந்து கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1997இல் சொன்னது. சிஸ்ட்டோடு இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது இந்தச் சாதுவானதுதான். திருட்டு நடந்த தெருவில் நின்றுகொண்டிருந்தவனைப் பிடித்து உள்ளே போட்ட கதை. உண்மையான அமீபா சீதபேதி என்றால் மலத்தில் ரத்தமும் சளியும் இருக்கும். சிவப்பணுக்களை விழுங்கிய, நகரும் நிலை அமீபா புதுச் சாம்பிளில் தெரியும். அந்த நகரும் நிலை அரை மணி நேரத்துக்குள் செத்துப்போகும் என்பதால், காலையில் பிடித்து மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்த சாம்பிளில் அதைத் தேடிப் பயனில்லை. உங்கள் பையனுக்கு ரத்தம் போகவில்லை. அமீபாதான் காரணம் என்று நம்ப எனக்கு வலுவான முகாந்திரம் தெரியவில்லை.

ரத்தம் போனாலுமே சிறு குழந்தைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஷிகெல்லாவைத்தான். அதற்குரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால், அல்லது சிவப்பணு விழுங்கிய அமீபாவைக் கண்ணால் கண்டால் மட்டுமே அமீபா சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. அப்படி உறுதியானாலும் மெட்ரோனிடசோல் திசுவில் இருப்பதைத்தான் நன்றாகக் கொல்லும். குடலுக்குள் மிஞ்சும் சிஸ்ட்டுக்கு டைலோக்ஸனைட் அல்லது பரோமோமைசின் பின்னால் தொடர வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தை விட்டுவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

ஜியார்டியா விவகாரம் வேறு மாதிரி. நுண்ணுயிர்களை மைக்ராஸ்கோப்பில் முதலில் கண்ட லீவன்ஹூக் 1681இல் தன் சொந்த மலத்திலேயே பார்த்த உயிர் இது. பேரிக்காய் வடிவம், மைக்ராஸ்கோப்பில் முகம் மாதிரித் தெரியும்; புதிதாக லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் சிரித்துவிடுவார்கள். நான் மேலே சொன்ன ஆய்வில் கடுமையான பேதியோடு வந்த குழந்தைகளை விடப் பேதி இல்லாத குழந்தைகளிடம்தான் இது அதிகம் இருந்தது, குறிப்பாக ஒரு வயது தாண்டியவர்களிடம். அப்படியானால் பரம சாதுவா? அப்படியும் சொல்ல முடியாது. எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து இரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு உண்டு. இந்தியாவில் அதன் இடம் வேலூர். ஆறு மாதத்துக்குள்ளேயே ஜியார்டியா வந்து குடலில் தங்கிவிட்ட குழந்தைகள் இரண்டு வயதில் உயரத்திலும் எடையிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். திடீர்ப் பேதிக்குக் காரணமாக இதைச் சொல்வது கடினம். ஆனால் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு, நாற்றமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, வயிறு உப்பிப் போகிறது என்றால் இதைத் தேட வேண்டும். விட்டு விட்டுத்தான் வெளியேறும் என்பதால் ஒரே சாம்பிளில் இல்லை என்று வந்தால் போதாது, வெவ்வேறு நாள்களில் மூன்று கொடுங்கள். நீடித்த பேதியோடு ஜியார்டியாவும் தெரிந்தால் சிகிச்சை அவசியம்: மெட்ரோனிடசோல் ஐந்து முதல் ஏழு நாள், அல்லது டினிடசோல் ஒரே வேளை. பையன் இரண்டு முறை மெட்ரோனிடசோல் குடித்துவிட்டான். எடைக்குத் தகுந்த அளவு, முழு நாள்கள் என்று இரண்டும் சரியாக நடந்திருந்தால் ஜியார்டியாவும் பெரும்பாலும் போயிருக்க வேண்டும். அளவை மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் அந்த இடத்தில் இருந்தால் மருத்துவரிடம் கேட்பது ஒன்றுதான்: கிரிப்டோஸ்போரிடியத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கலாமா? மெட்ரோனிடசோல் அதை ஒன்றும் செய்யாது. பூச்சி மருந்தான அல்பெண்டசோலும் செய்யாது. ஓஃப்லாக்ஸாசினையும் ஆர்னிடசோலையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்கிறார்களே, அந்த ஆரஞ்சு நிற சிரப்பும் செய்யாது. அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றே ஒன்று, நிடாசாக்ஸனைட். அமெரிக்காவில் 2002இல் குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை 100 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, மூன்று நாள். இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால் இது மாய மருந்து இல்லை. ஜாம்பியாவில் ஊட்டம் குறைந்த குழந்தைகளிடம் 2002இல் நடந்த சோதனையில், எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு இதைக் கொடுத்தபோது 56 சதவீதம் பேருக்குப் பேதி நின்றது. வெறும் சர்க்கரை மருந்து குடித்தவர்களில் 23 சதவீதம். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குப் பயன் தெரியவில்லை. தொழுநோய் மருந்தான க்ளோஃபாஸிமைனை மலாவியில் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களிடம் முயன்றார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. ஒட்டுண்ணியின் ஒரு நொதியைக் குறிவைக்கும் புதுச் சேர்மம் ஒன்று 2017இல் விலங்குகளில் நல்ல பலன் காட்டியது. தடுப்பூசி இன்னும் இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தையிடம் இது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். எடை குறைந்த குழந்தையிடம்தான் இழுக்கும், எடையை இன்னும் தின்னும். மருந்தை விட எடையைப் பற்றி நான் அதிகம் பேசுவது இதனால்தான்.

ஒட்டுண்ணி எதுவானாலும், எதுவுமே தெரியாவிட்டாலும், குழந்தையைக் காப்பது உப்புச்சர்க்கரைக் கரைசலும் (ஓ.ஆர்.எஸ்.) துத்தநாகமும் (ஜிங்க்) சோறும்தான். 1971இல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில் திலீப் மகாலானபிஸ் என்ற மருத்துவர், நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து உயிர்களைக் காத்தார். இன்று பொட்டலத்தில் வருவது 2002க்குப் பிறகு உப்பு அளவைக் குறைத்துத் திருத்திய கலவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் போட்டால் உப்பு ஏறி ஆபத்தாகும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூனால். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை இதற்குப் பதில் கொடுக்காதீர்கள். அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. இளநீர் நம் ஊரில் தாராளம், கொடுக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு. கரைசலின் இடத்தை அது பிடிக்காது. உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம் அதை விட மேல். துத்தநாக மாத்திரையை, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு 20 மி.கி. வீதம், பேதி நின்றுவிட்டாலும் பதினான்கு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். பேதியை அடக்கும் லோபராமைடு மாத்திரையைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தொடவே வேண்டாம். நீர்நீராகப் போகும் பேதிக்கு அஸித்ரோமைசின் சேர்த்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். கூடவில்லை.

சாப்பாட்டில் நம் மாவட்டத்துக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பச்சை வாழைக்காயை வேகவைத்து அரிசிக் கஞ்சியோடு கொடுத்தால் நீடித்த பேதி சீக்கிரம் குறைகிறதா என்று டாக்காவில் மருத்துவமனையில் வைத்தே சோதித்து 2001இல் எழுதினார்கள், தெளிவாகவே குறைந்தது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்தை அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும் அமிலங்களாக மாற்றுகின்றன. நம் பாட்டிமார் ஏத்தங்காயை (நேந்திரன் வாழைக்காயை) சீவிக் காயவைத்துப் பொடித்துக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பதை யாரும் ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. பொடியிலும் அதே காய்தான். கருப்பட்டியை மட்டும் இந்த நாள்களில் குறைத்துக்கொள்ளுங்கள், இனிப்பு கூடினால் பேதி கூடும். தாய்ப்பால் தொடரட்டும். பசும்பாலைச் சில நாள் குறைத்துத் தயிராகக் கொடுங்கள். குடல் புண்பட்டிருக்கும்போது பாலின் சர்க்கரை செரிக்காது. சோறு, பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், மேலே ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய். மாந்தம் என்று சொல்லிப் பட்டினி போடுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாமியாரின் கிணற்றுச் சந்தேகத்துக்கு வருவோம். நியாயமான சந்தேகம். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு செப்டிக் டேங்க். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு முறை மண் ஊறுகிறது. கொதிக்கவைத்தால் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா, அமீபா மூன்றும் சாகும். சீரக வெள்ளம் காய்ச்சும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, நல்லது. ஆனால் சூடாற்ற அதிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலப்பதும் கூடவே இருக்கிறது. அப்படிச் செய்தால் காய்ச்சியது வீண்.

தண்ணீரோடு கதை முடியவில்லை என்பதுதான் வேலூரில் கிடைத்த பாடம். அங்கே ஒரு பகுதியில் குழந்தைகளுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் குடித்தவர்களோடு ஒப்பிட்டபோது கிரிப்டோஸ்போரிடியம் தொற்று குறையவில்லை. 2013இல் வெளிவந்த இந்த முடிவு என்னைப் போன்றவர்களை யோசிக்க வைத்தது. வேலூர்க் குழந்தைகளிடம் அதிகம் இருந்தது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் வகை. கன்றுக்குட்டியிடமிருந்து வரும் வகை குறைவு. தொழுவத்தின் மேல் பழிபோடுமுன் குழந்தையைக் கழுவிவிடும் கையைப் பாருங்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே தொற்றிவிடும் கிருமி இது. கழுவிவிட்ட கையோடு மூத்தவளுக்குத் தோசையைப் பிய்த்துக் கொடுத்தால் போதும். கைக்குச் சோப்புத்தான்; ஆல்கஹால் சானிட்டைசர் இந்த உறையைக் கொல்லாது. அழுக்குத் துணியையும் டயப்பரையும் கிணற்றடியில் அலசவோ போடவோ வேண்டாம்.

பூச்சி மருந்து பற்றிச் சுருக்கமாக. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல், உருண்டைப்புழு, கொக்கிப்புழு வகையறாவுக்கு. ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் வெறுங்காலோடு நடக்கும் ஊரில் அது தேவைதான். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, 200 மி.கி. ஆனால் அந்தப் புழுக்கள் ரத்தசோகையையும் மெலிவையும் உண்டாக்கும். இப்படி விட்டு விட்டு நீராகப் போவது பொதுவாக அவற்றின் வேலை இல்லை. முகாமில் கொடுக்கவில்லை என்றால் கொடுங்கள், பேதி நிற்கும் என்ற நம்பிக்கையில் கொடுக்காதீர்கள்.

மூத்த பெண்ணுக்குப் பேதி இல்லை, எடையும் சரியாக இருக்கிறது என்றால் எந்த மருந்தும் வேண்டாம். அவள் மலத்தைச் சோதித்தால் ஏதாவது சிஸ்ட் வரலாம், அதைப் பார்த்து வீண் பயம் வரும், சோதிக்கவே வேண்டாம். தம்பிக்குச் சரியாகும் வரை இருவருக்கும் டம்ளரும் துண்டும் தனியாக இருக்கட்டும். பையனுக்குப் பேதி நின்ற பிறகு ஒரு மாதம் வரை ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கொடுத்து, வாரம் ஒருமுறை அங்கன்வாடித் தராசில் நிறுத்திப் பாருங்கள். எடை ஏறாமல் நின்றால், பேதி நின்றிருந்தாலும், மறுபடி மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.